இம்புனிதாத்: ஒரு சொல்லுக்குத் தமிழ் தேடுகிறோம்

இலத்தீன் அமெரிக்காவிலிருந்து வருகிற எழுத்து எதை எடுத்தாலும் ஒரு சொல் காலை இடறுகிறது. இம்புனிதாத். கவிதையில் வருகிறது, நீதிமன்ற வாக்குமூலத்தில் வருகிறது, பிள்ளையைப் பறிகொடுத்த கிழவி பிடித்திருக்கும் அட்டையில் வருகிறது. மொழிபெயர்த்து அனுப்புகிற தோழர்கள் அதைத் ‘தண்டனையிலிருந்து தப்பித்தல்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. ஏன் ஒப்பவில்லை என்று சொல்லத்தான் இந்தத் தலையங்கம்.

ஒரு சொல்லுக்கு ஒரு தலையங்கமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். பெயர் இல்லாத குற்றத்தை எந்தக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுப்பது?

முதலில் அந்தச் சொல் அதன் வீட்டில் எப்படிப் புழங்குகிறது என்று பார்ப்போம். ஸ்பானிய மொழிக் கழகத்தின் அகராதி ‘தண்டனை இல்லாமை’ என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. அகராதிக்கு அவ்வளவுதான் தெரியும். மக்கள் பேச்சில் அதோடு சேர்ந்து வருகிற வினைகளைக் கவனியுங்கள். இம்புனிதாத்தை ஒருவன் ‘அனுபவிக்கிறான்’, சொத்தை அனுபவிப்பது மாதிரி. ஒரு நாட்டில் இம்புனிதாத் ‘ஆட்சி செய்கிறது’, ராணி மாதிரி. இன்னாரும் இன்னாரும் சேர்ந்து இம்புனிதாத் ‘ஒப்பந்தம்’ போட்டுக்கொள்கிறார்கள். இதன் பெயரடை இம்பூனே. குற்றம் இம்பூனேயாகக் கிடக்கிறது என்பார்கள். இந்த வாக்கியத்தில் எழுவாய் குற்றம், குற்றவாளி இல்லை. செய்தவன் எங்கேயாவது போகட்டும், செய்த காரியம் அங்கேயேதான் கிடக்கிறது, நாறிக்கொண்டு, எடுத்துப் புதைக்க ஆளில்லாமல்.

ஒருவன் சாமர்த்தியமாக நழுவிவிட்டான் என்று சொல்ல அவர்களிடம் வேறு பேச்சு உண்டு. ‘நினைச்சத முடிச்சிட்டுப் போயிட்டான்’ என்கிற பொருளில் ஒரு தொடர் இருக்கிறது. ஸ்பெயினில் குட்டி ரோசாப் பூக்களோடு போய்விட்டான் என்றுகூடக் கேலியாகச் சொல்வார்கள். ஆக, நழுவலுக்கு ஒரு பேச்சு, இம்புனிதாத்துக்கு ஒரு பேச்சு. இரண்டையும் ஒன்றாகப் போட்டு அவர்கள் குழப்பிக்கொள்ளவில்லை. தமிழில் கொண்டுவரும்போது நாம்தான் குழப்புகிறோம்.

நம்மிடம் என்ன இருக்கிறது?

‘தப்பிச்சிட்டான்’ என்கிறோம். இந்தச் சொல்லில் பாதி மெச்சுதல் கலந்திருக்கிறது. ஆள் கெட்டிக்காரன், வலையில் ஓட்டை பார்த்து ஓடிவிட்டான் என்று அர்த்தம். வலையை விரித்தவனே ஓட்டையும் போட்டு வைத்தான் என்பது இதில் வராது.

செய்தித்தாள்காரர்கள் ‘விடுதலை’ என்று எழுதுகிறார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் எரிந்த வழக்கில், கீழ்க்கோர்ட்டில் தண்டனை பெற்ற மிராசுதாரர்கள் உயர் நீதிமன்றத்தில் ‘விடுதலை’ ஆனார்கள். எந்தச் சொல்லை நாம் கொடியில் எழுதித் தூக்கிக்கொண்டு நடக்கிறோமோ, அதே சொல் கொளுத்தினவனுக்கும் வாய்த்திருக்கிறது. தமிழின் இந்த வஞ்சகத்தை எந்த இலக்கண ஆசிரியரும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

மூன்றாவது நம் சனங்களுடைய பேச்சு: ‘கேக்க நாதியில்ல.’ உண்மைக்கு மிக அருகே வருவது இதுதான். ஆனால் இதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. குறை யாரிடம் இருப்பதாக இந்தப் பேச்சு சொல்கிறது? நம்மிடம். நாதியத்தது நாம். அடித்தவனிடமும், அவனை விட்டுவிட்டவனிடமும் குறை ஏதும் இருப்பதாக இது சொல்வதில்லை.

‘தண்டனை’ என்ற சொல்லையே கொஞ்சம் கீறிப் பார்க்கலாம். அது தண்டம், அதாவது கோல். ராசா கையில் இருக்கிற கோல். எந்த வருணத்தான் முதுகில் எவ்வளவு பலமாக விழ வேண்டும் என்று மனு அளந்து வைத்த கோல். நம் சனத்துக்குத் தண்டம் என்றால் ஊர்ப் பஞ்சாயத்து சேரிமேல் விதிக்கிற அபராதம்தான். இம்புனிதாத்தின் உள்ளே கிடக்கிற வேர் வேறு. இலத்தீனில் பொயேனா, அதற்கும் முன்னே கிரேக்கத்தில் போய்னே. கொலை விழுந்தால், செத்தவனின் உறவுக்குக் கொன்றவன் கொடுக்க வேண்டிய ஈடு என்பது அதன் பழைய அர்த்தம். அங்கே தண்டனை என்பது பாதிக்கப்பட்டவனுக்குச் சேர வேண்டிய பாக்கி. நமக்கு வாய்த்த சொல்லிலோ அது ஆளுகிறவனின் உரிமை. அடிக்கிறதும் அடிக்காமல் விடுகிறதும் அவன் இஷ்டம்.

இந்த வித்தியாசத்தை மனசில் வைத்துக்கொண்டு அர்ஜென்டினாவுக்கு வாருங்கள். வெறும் அகராதிச் சொல்லாகக் கிடந்ததைத் தெருவின் சொல்லாக மாற்றியதில் அந்த நாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு.

1976 மார்ச் 24 அன்று அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. தொழிற்சங்கக்காரர்கள், மாணவர்கள், வழக்கறிஞர்கள், குடிசைப் பகுதிகளில் வேலை செய்த பாதிரியார்கள் என்று ஆட்களைத் தூக்கினார்கள். தூக்கியவர்களைப் பற்றிக் கேட்டால் அப்படி யாரும் எங்களிடம் இல்லை என்றார்கள். பிணமும் இல்லை, வழக்கும் இல்லை. ‘காணாமல் போனவர்’ என்ற ஒரு புது மனித வகையே உண்டாயிற்று. 1984இல் அரசு ஆணையம் கணக்கெடுத்து வைத்த எண்ணிக்கை 8,961. மனித உரிமை அமைப்புகள் சொல்வது 30,000. 1977 ஏப்ரல் 30 அன்று பியூனஸ் ஐரிஸ் நகரில் சனாதிபதி மாளிகைக்கு எதிரே இருக்கிற மே சதுக்கத்தில் சில தாய்மார்கள் கூடினார்கள். கூட்டமாக நிற்கக் கூடாது, நகருங்கள் என்று போலீஸ் அதட்ட, அவர்கள் சுற்றி நடக்க ஆரம்பித்தார்கள். பின்னால் தலையில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டார்கள். கேட்க நாதியில்லாதவர்கள் தாங்களே கேட்கக் கிளம்பிய கதை இது.

1983இல் ராணுவம் இறங்கிப் போவதற்கு முன்னே தனக்குத்தானே மன்னிப்புக் கொடுத்துச் சட்டம் போட்டுக்கொண்டது. அதற்கு வைத்த பெயர் ‘தேசிய அமைதிச் சட்டம்’. அந்த ஆண்டு டிசம்பரில் வந்த மக்களாட்சி அதைக் கிழித்துப் போட்டது. 1985இல் ராணுவத் தலைவர்கள் ஒன்பது பேர் சிவில் நீதிமன்றத்தில் கூண்டேறினார்கள். டிசம்பர் 9 அன்று தீர்ப்பு. விதேலாவுக்கும் மஸ்ஸேராவுக்கும் ஆயுள் தண்டனை, மூவருக்கு ஆண்டுக்கணக்கில் சிறை, மீதி நால்வருக்கு நம் பத்திரிகை மொழியில் ‘விடுதலை’.

இதோடு கதை முடிந்திருந்தால் இம்புனிதாத் என்ற சொல்லுக்கு அத்தனை வேலை வந்திருக்காது. தலைவர்களைத் தண்டித்தாயிற்று, ஆனால் கரண்டுக் கம்பியைக் கையில் பிடித்தவர்கள் நூற்றுக்கணக்கில் வெளியே இருந்தார்கள். அவர்கள்மேல் வழக்குகள் வர ஆரம்பித்தன. 1986 டிசம்பரில் ஒரு சட்டம் வந்தது. பெயர் ‘புந்தோ ஃபினால்’, முற்றுப்புள்ளி. அறுபது நாளைக்குள் நீதிமன்றம் விசாரணைக்கு அழைக்காத எவன்மேலும் அதற்குப் பிறகு வழக்கு கிடையாது. கொலைகாரனுக்கு முற்றுப்புள்ளி வைப்பதை விட்டுவிட்டு வழக்குக்கு வைத்தார்கள். நீதிமன்றங்கள் கோடை விடுமுறையையும் பாராமல் உட்கார்ந்து பலபேரை அழைத்துவிட்டன. 1987 ஈஸ்டர் வாரத்தில் ராணுவத்தில் ஒரு பிரிவு முகத்தில் கரி பூசிக்கொண்டு கலகம் செய்தது. ஜூன் மாதம் அடுத்த சட்டம்: ‘கடமைக்குரிய கீழ்ப்படிதல்’. மேலதிகாரி சொன்னான், கீழே இருப்பவன் செய்தான், ஆகவே அவன்மேல் குற்றமில்லை. அதற்குப் பிறகும் மிஞ்சியவர்களுக்கு, தண்டனை பெற்ற தளபதிகள் உட்பட, அதிபர் மெனெம் 1989இலும் 1990இலும் மன்னிப்பு எழுதிக் கொடுத்தார். விதேலா வீட்டுக்குப் போனார்.

இங்கே யாராவது தப்பித்தார்களா சொல்லுங்கள். யாரும் சுவர் ஏறிக் குதிக்கவில்லை. நாடாளுமன்றம் கூடியது, கை தூக்கினார்கள், அரசிதழில் அச்சானது, உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. எல்லாமே முறைப்படி நடந்தது. இந்தச் சட்டங்களுக்கு மக்கள் வைத்த பெயர் ‘இம்புனிதாத் சட்டங்கள்’. அமைதி, முற்றுப்புள்ளி, கீழ்ப்படிதல் என்று அரசு அடுக்கிய நல்ல பெயர்களையெல்லாம் தள்ளிவிட்டு, உள்ளே இருப்பதன் பெயரை எடுத்து வெளியே ஒட்டினார்கள்.

1995இல் ஸிலிங்கோ என்ற முன்னாள் கடற்படை அதிகாரி ஒரு பத்திரிகையாளரிடம் பேசினான். கைதிகளுக்கு மயக்க ஊசி போட்டு, துணிகளை உருவி, விமானத்தில் ஏற்றிக் கடலில் தள்ளியதையும், அதில் தானும் இருந்ததையும் சொன்னான். தொலைக்காட்சியிலும் வந்தான். செய்தவனே செய்தேன் என்கிறான், நாட்டுச் சட்டம் அவனைத் தொட முடியாமல் நிற்கிறது. இம்புனிதாத் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் இந்தக் காட்சியைக் காட்டலாம். (அவனைத் தண்டித்தது ஸ்பெயின் நாட்டு நீதிமன்றம், 2005இல், 640 ஆண்டு.)

அந்தச் சமயத்தில்தான் காணாமல் போனவர்களின் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகி அமைப்பானார்கள். சித்திரவதை செய்தவன் எந்தத் தெருவில் பென்ஷன் வாங்கிக்கொண்டு குடியிருக்கிறான் என்று கண்டுபிடித்து, மேளத்தோடு அங்கே போனார்கள். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் துண்டறிக்கை, சுவரில் சிவப்பு மை. இதற்கு ‘எஸ்கிராச்சே’ என்று பெயர், அந்தப் பக்கத்துக் கொச்சைச் சொல். நீதி இல்லையென்றால் எஸ்கிராச்சே உண்டு என்பது அவர்கள் கோஷம். ரொட்டிக் கடையில் வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் நிற்பவள் அவனைப் பார்க்கிற பார்வை மாறிப்போகும். சட்டம் செய்யாததைத் தெரு கொஞ்சம் செய்தது. இது கும்பல் நீதி ஆகாதா என்று முகம் சுளித்தவர்கள் அங்கேயும் உண்டு. யாரையும் தொட்டு அடிப்பது அவர்கள் நோக்கமாக இருக்கவில்லை என்பதை மட்டும் குறித்து வைக்கிறேன்.

சட்டத்துக்குள்ளேயே ஓர் ஓட்டையைப் பாட்டிமார்கள் கண்டுபிடித்தார்கள். கைதிப் பெண்கள் பெற்ற குழந்தைகளை ராணுவக் குடும்பங்கள் எடுத்து வளர்த்திருந்தன. முற்றுப்புள்ளியும் கீழ்ப்படிதலும் குழந்தைத் திருட்டுக்கு மட்டும் பொருந்தாது என்று சட்டத்திலேயே இருந்தது. 1978இல் தூக்கப்பட்ட ஒரு தம்பதி. கணவர் இரண்டு காலும் இழந்து சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். எட்டு மாதக் கைக்குழந்தை ஒரு ராணுவ அதிகாரி வீட்டுக்குப் போயிற்று. ஹூலியோ சிமோன் என்கிற போலீஸ்காரன்மேல் குழந்தையைத் திருடியதற்கு வழக்குப் போடலாம், அதே குழந்தையின் தாய்தகப்பனைச் சித்திரவதை செய்ததற்குப் போட முடியாது. இந்தக் கூத்தை ஒரு கீழ்க்கோர்ட்டு நீதிபதி 2001இல் எடுத்துக் காட்டி, அந்தச் சட்டங்களே செல்லாது என்றார். 2003இல் நாடாளுமன்றமும் அவற்றை ரத்து செய்தது. 2005 ஜூன் 14 அன்று உச்ச நீதிமன்றம் அதே சிமோன் வழக்கில் உறுதி செய்தது. அதற்குப் பிறகு தண்டிக்கப்பட்டவர்கள் ஆயிரத்துக்கும் மேல். விதேலா 2013 மே 17 அன்று சிறையில் செத்தார்.

இதைச் சொல்லி மகிழ்ந்து முடிக்க விடாமல் ஒரு பெயர் குறுக்கே நிற்கிறது. ஹோர்ஹே ஹூலியோ லோபெஸ். கொத்தனார். சர்வாதிகாரக் காலத்தில் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டுத் திரும்பியவர். 2006இல் எச்செகோலாட்ஸ் என்ற போலீஸ் அதிகாரிக்கு எதிராக லா பிளாத்தா நகர நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். தீர்ப்புக்கு முந்தைய நாள், செப்டம்பர் 18, தமது 77ஆவது வயதில் இரண்டாம் தடவை காணாமல் போனார். இந்தமுறை மக்களாட்சியில். எச்செகோலாட்ஸுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. கொத்தனார் இன்றுவரை கிடைக்கவில்லை.

உருகுவே கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1986 டிசம்பரில் அங்கே வந்த சட்டத்தின் பெயரைக் கேளுங்கள்: ‘அரசின் தண்டிக்கும் கோரிக்கை காலாவதியாதல் பற்றிய சட்டம்’. மருந்துப் புட்டியில் போட்டிருக்குமே தேதி, அந்தக் காலாவதிதான். மக்கள் அதையும் இம்புனிதாத் சட்டம் என்றே சுருக்கிவிட்டார்கள். கையெழுத்து வாங்கி, 1989இல் பொதுவாக்கெடுப்புவரை கொண்டு போனார்கள். தோற்றார்கள். 2009இல் இன்னொரு முறை. பாதியைத் தொட முடியாமல் மறுபடியும் தோற்றார்கள். பெரும்பான்மையே தண்டிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? இந்தக் கேள்வி நமக்கும் பழக்கமானது, ஊரும் சேரியும் எண்ணிக்கையில் எப்படி இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்குக் கூடுதலாகவே பழக்கமானது. கவிஞர் ஹுவான் ஹெல்மானின் கர்ப்பிணி மருமகளை அர்ஜென்டினாவில் தூக்கி உருகுவேக்குக் கொண்டு வந்து, பிள்ளை பிறந்ததும் தாயை இல்லாமல் ஆக்கிய வழக்கில், 2011இல் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் பதில் சொன்னது. மக்கள் வாக்களித்தார்கள் என்பதற்காக அப்படிப்பட்ட சட்டம் செல்லுபடி ஆகிவிடாது என்றது. அதே ஆண்டு உருகுவே நாடாளுமன்றம் வேறு சட்டம் போட்டது.

இம்புனிதாத்துக்கு அண்ணன் தம்பி மாதிரி ஒலிக்கிற ஒரு சொல் இருக்கிறது, இன்முனிதாத். பதவியில் இருப்பவனைத் தொடக் கூடாது என்கிற பாதுகாப்பு. சிலியின் பினோசேயை வைத்து இதைப் புரிந்துகொள்ளலாம். 1978இலேயே தன் ஆட்களுக்கு மன்னிப்புச் சட்டம் போட்டார், 1998 மார்ச்சில் ஆயுட்கால செனட்டர் ஆனார். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சட்டை. அந்த ஆண்டு அக்டோபர் 16 அன்று, முதுகு வைத்தியத்துக்கு இலண்டன் போன இடத்தில், ஸ்பெயின் நீதிபதி கார்சோனின் ஆணைப்படி பிடித்தார்கள். உடம்பு சரியில்லை என்று 2000 மார்ச்சில் திருப்பி அனுப்பினார்கள். சந்தியாகோ விமான நிலையத்தில் சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து நடந்தார். சிலியின் நீதிபதிகளும் ஒரு வழி கண்டார்கள். காணாமல் போனவனின் உடல் கிடைக்காதவரை கடத்தல் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, நடக்கிற குற்றத்துக்கு 1978இல் எப்படி மன்னிப்பு என்றார்கள். பிணத்தை மறைத்ததே அவர்களுக்கு வினையாயிற்று. இருந்தும் பினோசே எந்தத் தண்டனையும் வாங்காமல் 2006 டிசம்பர் 10 அன்று செத்தார். உலக மனித உரிமை நாள் அது.

இலண்டன்வரை கையை நீட்டிய அந்தக் கார்சோன், சொந்த நாட்டில் ஃபிராங்கோ காலத்துப் பிணக்குழிகளைத் தோண்டப் பார்த்தபோது அவர்மேலேயே வழக்கு வந்தது. 1977ஆம் ஆண்டு மன்னிப்புச் சட்டத்தை மீறினார் என்றார்கள். 2012இல் அந்த வழக்கில் அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பானது. ஆனால் வேறொரு வழக்கில் பதினோரு ஆண்டுக்குப் பதவி போயிற்று. ஃபிராங்கோ காலக் குற்றங்களை விசாரிக்கும் வழக்கு 2010 முதல் எங்கே நடந்தது தெரியுமா? பியூனஸ் ஐரிஸில். சொல் பிறந்த வீட்டுக்கு, வாக்கப்பட்டுப் போன ஊர் நியாயம் கேட்கிறது.

இதுவரை சொன்ன நாடுகளில் பாதிக்கப்பட்டவர்களில் படித்த குடும்பங்கள் பல. வழக்கு நடத்தத் தெரிந்தவர்கள், பத்திரிகை எழுதினால் கேட்கக்கூடியவர்கள். குவாத்தமாலாவுக்கும் பெருவுக்கும் போனால் இம்புனிதாத்தின் அடித்தளம் தெரியும். குவாத்தமாலாவில் 36 ஆண்டு உள்நாட்டுப் போரில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். அடையாளம் தெரிந்தவர்களில் நூற்றுக்கு 83 பேர் மாயா பழங்குடியினர் என்று 1999இல் உண்மை ஆணையம் சொன்னது. பெருவின் உண்மை ஆணையம் 2003இல் சொன்னது: செத்தவர்களில் நாலில் மூன்று பேர் கெச்சுவா போன்ற பழங்குடி மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். செத்தவர்கள் தொகை கிட்டத்தட்ட 69,000. ஆணையம் கணக்கெடுக்கும்வரை அவ்வளவு பேர் என்று தலைநகரத்தாருக்குத் தெரியவே இல்லை. தெரியாமல் எப்படி இருந்தது என்று நம்மைக் கேட்டால் சொல்வோம்.

செபூர் சார்கோ என்பது குவாத்தமாலாவில் ஒரு சிற்றூர். அங்கே கெக்சி இனத்து ஆண்கள் தாங்கள் உழுகிற நிலத்துக்குப் பட்டா கேட்டு மனுப் போட்டார்கள். பண்ணைக்காரர்கள் ராணுவத்தைக் கூப்பிட்டார்கள். 1982இல் ஆண்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள், திரும்பவில்லை. அவர்களுடைய மனைவிமாரை முகாமுக்கு முறைவைத்து வரச் சொன்னார்கள். சோள ரொட்டி சுட, உடுப்புத் துவைக்க, மற்றதற்கும். மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில். முப்பது ஆண்டுக்கும் மேல் இது இம்பூனேயாகக் கிடந்தது. 2016இல் அந்தப் பெண்கள், கிழவிகளாகி, நீதிமன்றத்தில் முகத்தைப் போர்வையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஸ்பானிய மொழி தெரியாது, மொழிபெயர்ப்பாளர் வழியாகச் சொன்னார்கள். பிப்ரவரி 26 அன்று இரண்டு பேருக்கு 120 ஆண்டும் 240 ஆண்டும் தீர்ப்பானது. பட்டா கேட்டதில் ஆரம்பித்த கதை என்பதால்தான் இவ்வளவு எழுதினேன்.

அதே நாட்டில் ரியோஸ் மோன்ட் என்ற தளபதி. இக்ஸில் இனத்தவர் 1,771 பேரைக் கொன்ற வழக்கில், இனப்படுகொலைக்கும் மானுடத்துக்கு எதிரான குற்றங்களுக்கும் சேர்த்து 2013 மே 10 அன்று 80 ஆண்டுத் தண்டனை. நூறு பேர்போல வந்து சாட்சி சொன்னார்கள். பத்து நாள் கழித்து, மே 20 அன்று, அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. மறுவிசாரணை நடந்துகொண்டிருக்கையில் 2018இல் ஆள் செத்துப்போனார். தண்டனை பத்து நாள் நின்றது. அந்த நாட்டில்தான் இம்புனிதாத் என்ற சொல்லையே பெயரில் வைத்து, ஐ.நா. துணையோடு ‘இம்புனிதாத்துக்கு எதிரான பன்னாட்டு ஆணையம்’ 2007இல் வேலை தொடங்கியது. 2015இல் பதவியில் இருந்த அதிபரையே இறக்கியது. அடுத்து வந்த அதிபர், விசாரணை தன் பக்கம் திரும்பியதும், 2019இல் ஆணையத்தை மூட்டை கட்டி அனுப்பினார். அதன் பிறகு வழக்கு நடத்தியவர்களும் நீதிபதிகளும்தான் நாட்டைவிட்டு ஓட வேண்டியதாயிற்று.

சட்டம் பாம்பு மாதிரி, வெறுங்காலோடு நடக்கிறவனைத்தான் கடிக்கும் என்று எல் சால்வடாரில் ஒரு குடியானவர் பேச்சு உண்டு. 1980இல் பூசை செய்துகொண்டிருக்கையில் சுட்டுக் கொல்லப்பட்ட பேராயர் ரொமேரோ அதை எடுத்துச் சொன்னதாகப் பேர். ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கச் சொன்ன ஊர்களிலிருந்து வந்தவர்களுக்கு இந்தப் பாம்பைப் பற்றி விளக்கவுரை தேவையில்லை. அங்கே 1981 டிசம்பரில் எல் மொசோத்தே கிராமத்திலும் சுற்றிலும் ராணுவம் ஆயிரம் பேர்வரை கொன்றது. பாதிக்கு மேல் குழந்தைகள். 1993 மார்ச்சில் உண்மை ஆணையம் அறிக்கை தந்த ஐந்தாம் நாள் மன்னிப்புச் சட்டம் வந்தது. 2016இல்தான் அது செல்லாது என்றானது. வழக்கு நகர ஆரம்பித்த பிறகு, 2021இல், அறுபது வயது தாண்டிய நீதிபதிகளை வீட்டுக்கு அனுப்புகிற சட்டம் ஒன்று வந்து, விசாரித்த நீதிபதியும் அந்த வழக்கை விட்டுப் போக நேர்ந்தது. 2022 மார்ச்சில் அங்கே நெருக்கடி நிலை அறிவித்து 80,000க்கும் மேற்பட்டோரைச் சிறையில் அடைத்தார்கள், ரௌடிக் கும்பல்களை ஒழிக்கிறோம் என்று. பிடிபட்டவர்களில் ஏழைக் குடியிருப்புப் பையன்கள் ஏராளம். ஆகவே தண்டனை அதிகமாவதும் இம்புனிதாத் குறைவதும் ஒன்றே என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். சிறை நிரம்பி வழிகிற நாட்டிலும் அது சுகமாக ஆட்சி செய்யும்.

பெருவில் 1995இல் ஃபுஜிமோரி போட்ட மன்னிப்புச் சட்டத்தை 2001இல் மேற்படி மனித உரிமை நீதிமன்றம் செல்லாது என்றது. 2009இல் ஃபுஜிமோரிக்கே 25 ஆண்டு கிடைத்தது. 2023 டிசம்பரில் வெளியே விட்டார்கள். 2025 ஆகஸ்டில் ராணுவத்துக்கும் போலீசுக்கும் புதிதாக ஒரு மன்னிப்புச் சட்டம் போட்டார்கள். முப்பது வருஷம் கழித்து அதே இடம்.

சரி, தமிழுக்கு வருகிறேன். ‘தண்டனை விலக்கு’, ‘விலக்களிப்பு’ என்று ஈழத்தவர் எழுதுகிறார்கள். சட்ட மொழிக்குச் சரி. ஆனால் வரி விலக்கு மாதிரி சலுகையாக ஒலிக்கிறது. ‘தண்டனையின்மை’ என்றால் மழையின்மை மாதிரி யார்மேலும் பழியில்லாமல் போகிறது. நான் முன்வைப்பது ‘தண்டியாமை’. தண்டிக்க வேண்டியவன் தண்டிக்காமல் இருக்கிற செயல். கேட்டதும் ‘யார் தண்டிக்கவில்லை?’ என்ற கேள்வி வந்துவிடும். தப்பித்தலில் அந்தக் கேள்வி வராது. இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு. கொல்லாமை, கள்ளாமை வரிசையில் திருக்குறள் அதிகாரத் தலைப்பு மாதிரி, ஏதோ பெரிய அறம் மாதிரி ஒலிக்கிறது என்று ஒரு தோழர் கேலி செய்தார். கல்லாமையும் திருக்குறளில் ஓர் அதிகாரம்தான் என்று பதில் சொன்னேன்.

சேரிப் பேச்சில் இதைவிட நல்ல சொல் இருக்கலாம். நாதியைப் பற்றிப் பேசாமல், விட்டவனைப் பற்றிப் பேசுகிற சொல். வடமாவட்டத்தில் ஒன்று, தெற்கே ஒன்று, கொங்கில் ஒன்று என்று இருக்கலாம். உங்கள் ஊரில் வயசானவர்களிடம் கேட்டு, அவர்கள் எந்தச் சந்தர்ப்பத்தில் அதைச் சொன்னார்கள் என்பதையும் சேர்த்து ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள். வருகிறவரை இந்த இதழில் ‘தண்டியாமை’ என்றே அச்சாகும்.